கொடுவா எங்கே நிற்கும்? டெல்டாவில் தூண்டில் பழகுகிறவருக்கு

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். மன்னார்குடியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறீர்கள். அமெரிக்காக்காரர்கள் ஏரியில் பாஸ் மீன் பிடிக்கும் வீடியோக்களைப் பார்த்து ஆசை வந்து ராடு, ரீல், ஒரு பெட்டி லூர் (செயற்கை இரை) எல்லாம் வாங்கிவிட்டீர்கள். மூன்று மாதமாகப் பாமணி ஆற்றுப் பாலத்தில் தொடங்கி முத்துப்பேட்டை வரை வீசிப் பார்த்தும் ஒரு கொடுவாகூட ஏறவில்லை. "நல்ல ஸ்பாட் நாலைந்து பெயர் சொல்லுங்கள் போதும்" என்று முடித்திருக்கிறீர்கள். பெயர் கேட்டாலும் உங்கள் சிக்கல் பெயரில் இல்லை என்று எனக்குப் படுகிறது. கண்ணெதிரே ஒரு மைல் நீளத்துக்குத் தண்ணீர் கிடக்கிறது. அதில் மீன் நிற்கும் பத்தடி எது, வெறும் தண்ணீர் எது என்று பிரித்துப் பார்க்க இன்னும் கண் பழகவில்லை. நான் ஒரு இடத்தைச் சொல்லி நீங்கள் போய் நின்றாலும், அது வத்தம், அதாவது கடல்நீர் இறங்குவது, முடிந்த நேரமாக இருந்தால் சேற்றைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். அதனால் இடத்தைக் கண்டுபிடிக்கும் வழியை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கடைமடைக் கிராமம். ஏழெட்டு வயதில் சித்தப்பா பின்னால் தூண்டில் தூக்கிக்கொண்டு போனது முதல் இன்றுவரை விடவில்லை. நடுவில் பதினொரு வருடம் இறால் பண்ணையில் டெக்னீஷியனாக இருந்தேன், அதில் மூன்று வருடம் கொடுவாக் குளங்களைப் பார்த்துக்கொண்டேன். படகில் கடலுக்குள் போய்ப் பிடிப்பது என் அனுபவத்தில் இல்லை. கரையில், பாலத்தடியில், சட்ரஸ் (ஆற்றுக் கதவணை) பக்கத்தில், வாய்க்கால் ஓரத்தில் நின்று பிடிப்பதைப் பற்றி மட்டும்தான் பேசுவேன்.

முதலில் பெயர்க் குழப்பம். வீடியோவில் நீங்கள் பார்த்த பெரிய வாய் பாஸ் வட அமெரிக்காவின் நன்னீர் மீன். நம் ஆற்றில் அது கிடையாது. இங்கே சீ பாஸ் என்று ஹோட்டல்காரர்கள் சொல்வது நம் கொடுவா. ஆஸ்திரேலியாவில் பாராமுண்டி என்பார்கள். பெரிய வாய் பாஸும் கொடுவாவும் உறவில்லாத மீன்கள், ஆனால் வேட்டையாடும் விதம் ஒன்று. ஓடித் துரத்தாது, மறைவில் நின்று, இரை பக்கத்தில் வந்ததும் வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். அதனால் வீடியோவில் அவர்கள் சொல்லும் மறைவு, நிழல், ஓரம் என்ற பாடம் இங்கேயும் செல்லும். செல்லாதது ஒன்றுதான். அவர்கள் வீசுகிற ஏரியில் ஓதம் (கடல்நீர் ஏறி இறங்குவது) இல்லை. இங்கே கொடுவாவின் கடிகாரமே ஓதம்தான். மூன்று மாதம் நீங்கள் வெறும் கையோடு வந்ததற்குக் காரணம் லூரின் நிறமோ ராடின் விலையோ இல்லை என்று நான் அநேகமாகத் துணிந்து சொல்லுவேன். காலை ஆறு மணிக்குப் போனேன், மாலை ஐந்து மணிக்குப் போனேன் என்று கடிகார நேரம் எழுதியிருக்கிறீர்களே தவிர, தண்ணீர் ஏறியதா வடிந்ததா என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை.

கொடுவாவின் வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இடம் தானே விளங்கும். உப்பு கூடுதலாக உள்ள முகத்துவாரத்தை ஒட்டி முட்டையிடும். குஞ்சுகள் ஓதத்தோடு உப்பங்கழிக்குள்ளும் அலையாத்தி வேர்களுக்குள்ளும் வந்து, முடிந்தால் ஆற்றில் ஏறி நன்னீர்வரை போய் வளரும். வளர்ந்ததும் முட்டையிட மறுபடி கடல் பக்கம் இறங்கும். முதலில் ஆணாக முதிர்ந்து, சில வருடம் கழித்துப் பெண்ணாக மாறும் மீன் இது. ஆகவே மிகப் பெரியவை பெரும்பாலும் பெண்கள். சென்னையில் உள்ள உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் இதைக் குஞ்சுப் பண்ணையில் முட்டையிட வைத்த பிறகுதான் நம் பக்கம் குளங்களில் வளர்ப்பது பரவியது. பண்ணையில் எங்களுக்கு இருந்த பெரிய தலைவலி, ஒன்றை ஒன்று தின்பது. தன் நீளத்தில் பாதிக்கு மேல் இருக்கும் குஞ்சையே விழுங்கிவிடும். வாரத்துக்கு ஒரு முறை அளவு பிரித்து வேறு வேறு குளத்தில் விட்டுக்கொண்டே இருப்போம். சின்ன லூர் போட்டால்தான் கடிக்கும் என்று பயப்படாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இப்போது டெல்டாவின் அமைப்பை அதன்மேல் வைத்துப் பாருங்கள். கல்லணையில் பிரிகிற வெண்ணாறு நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. உங்கள் ஊர்ப் பாமணியும் கோரையாறும் கடைசியில் முத்துப்பேட்டை லகூனில்தான் விழுகின்றன. கிழக்கே போகும் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு எல்லாம் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடைப்பட்ட கரையை நோக்கிப் போகின்றன. இந்த ஆறுகள் பலவற்றின் கடைசியில், கடல் உப்பு வயலுக்கு ஏறாமல் இருக்க ஒரு கடைமடைச் சட்ரஸ் இருக்கும். மேலே நன்னீர், கீழே உவர்நீர். ஆற்றில் ஏற நினைக்கும் கொடுவாவுக்கு அது மூடிய கதவு. ஓதத்தோடு வரும், கதவில் முட்டும், அங்கேயே நிற்கும். அது அங்கே நிற்க இன்னும் காரணங்கள் உண்டு. திறந்துவிடும் தண்ணீர் பாய்ந்து பாய்ந்து அடித்தளத்துக்குக் கீழே ஆழமான பள்ளம் பறித்திருக்கும். கதவு இடுக்கில் கசியும் தண்ணீரோடு மேலிருந்து பொடி மீன் வந்து விழும். விழுந்து நுரைக்கிற தண்ணீரில் காற்று கலந்திருக்கும். உங்களுக்கு முதல் பள்ளிக்கூடம் இதுதான்.

எனக்கும் இதுதான் பள்ளிக்கூடம். பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். மாசி மாதம், சாயங்காலம். ஐந்து கதவு சட்ரஸ், தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள், ஆனால் இரண்டு கதவின் அடியில் கசிவு. கசிவு வெள்ளை நுரையாக முப்பது அடி ஓடி, பக்கச் சுவரில் மோதி, சுவரோடு திரும்பி எதிர்த்திசையில் மெதுவாக வந்துகொண்டிருந்தது. ஓடும் தண்ணீருக்கும் திரும்பும் தண்ணீருக்கும் நடுவே கயிறு போட்ட மாதிரி ஒரு கோடு. ஒரு வேப்பிலை அந்தக் கோட்டில் மாட்டி, போகவும் முடியாமல் வரவும் முடியாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் நுரையிலேயே போட்டுக்கொண்டிருந்தேன். சித்தப்பா பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "தண்ணியப் பாக்காதடா. தண்ணி எங்க மடங்குதுன்னு பாரு. அவன் ஓடுற தண்ணில நிக்க மாட்டான், களைச்சிப்புடுவான். மடங்குற எடத்துல நின்னுகிட்டு ஓடுற தண்ணியப் பாத்துகிட்டு இருப்பான்." உயிர் இறாலை முள்ளில் கோத்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு முழம் தள்ளிப் போட்டார். கொஞ்ச நேரத்தில் அந்த ஓரத்தில் பொடி இறால்கள் கடுகு பொரிகிற மாதிரித் துள்ளின. பிறகு ஒரு சத்தம், குளத்தில் தேங்காய் விழுந்த மாதிரி, "டொப்" என்று. கொடுவா இரை எடுக்கும் சத்தம் அது. ஒரு தடவை கேட்டுவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது. அன்றைக்கு ஏறியது இரண்டு கிலோ தேறும்.

சட்ரஸில் மட்டுமல்ல, எங்கே போனாலும் இந்தக் கோட்டைத்தான் தேட வேண்டும். பாலத்தூணின் கீழ்ப்பக்கத்தில் தண்ணீர் மடங்கும். சின்ன வாய்க்கால் பெரிய ஆற்றில் சேரும் மூக்கில் மடங்கும். வடிகாலின் கலங்கலும் ஆற்றின் தெளிவும் சந்திக்கும் இடத்தில் நிறத்திலேயே கோடு தெரியும். விழுந்து கிடக்கும் மரத்துக்குப் பின்னால் மடங்கும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எங்கள் பக்கத்து ஆற்றங்கரைகளில் சாய்ந்த மரங்களில் சில இன்னும் தண்ணீருக்குள் கிடக்கின்றன. அவற்றில் இரண்டு என் நல்ல இடங்கள். சூரியன் தலைக்குமேல் இருக்கும்போது கண் கூசும், கோடு தெரியாது. போலராய்டு கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு லூர் பெட்டியைவிட உங்களுக்கு அது உதவும்.

ஓதத்தை எப்படிக் கணக்கு வைப்பது? நம் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏத்தம், இரண்டு வத்தம். ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம். அஷ்டமியை ஒட்டிக் குறைவு. அதிகம் என்றாலும் நாகப்பட்டினம் பக்கம் ஏறத்தாழ இரண்டடிதான். இரண்டடியில் என்ன ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். லகூனும் அதையொட்டிய கழிகளும் அவ்வளவு மேடானவை. இரண்டடி இறங்கினால் பல இடங்களில் தரை தெரிந்துவிடும். நாகப்பட்டினத்துக்கான ஓத அட்டவணை போனிலேயே கிடைக்கும். ஆனால் அது துறைமுகத்துக்கான நேரம். கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே இருக்கும் சட்ரஸுக்கு ஓதம் வந்து சேரத் தாமதமாகும், எவ்வளவு தாமதம் என்பது ஆற்றுக்கு ஆறு மாறும். இதற்கு ஒரே வழி குச்சி. ஒரு மூங்கில் குச்சியில் விரற்கடை அளவுக்குக் கோடு கீறி, உங்கள் இடத்தில் கரையோரம் நட்டு, ஒரு அமாவாசை நாள் முழுக்க அரை மணிக்கு ஒரு தரம் பார்த்து எழுதுங்கள். ஒரே நாள் வேலை. ஒரு இடத்தில் அமாவாசை அன்று எத்தனை மணிக்கு வத்தம் முடிகிறதோ, அடுத்த பௌர்ணமிக்கும் அடுத்த அமாவாசைக்கும் ஏறத்தாழ அதே மணிதான். இது தெரிந்துவிட்டால் நடுவில் உள்ள நாள்களை 50 நிமிடக் கணக்கில் நீங்களே போட்டுக்கொள்ளலாம். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் திதியை வைத்தே மனக்கணக்காகச் சொல்வது இப்படித்தான்.

எந்த நேரம் நல்லது? வத்தம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரம் வாய்க்கால் மூக்குகளுக்கு. ஏத்தத்தில் அலையாத்தி வேருக்குள்ளும் கோரைக்குள்ளும் மேயப் போன இறாலும் மடவைக் குஞ்சும் தண்ணீர் இறங்கும்போது அந்தக் குறுகிய வாய் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். வெளியே கொடுவா நிற்கும். சட்ரஸுக்கோ ஏத்தத்தின் கடைசிப் பகுதி. தண்ணீரோடு வந்த மீன் கதவில் சேர்ந்திருக்கும். இந்த இரண்டில் ஒன்று விடியலோடோ இருட்டும் நேரத்தோடோ சேர்ந்து வரும் நாள்களைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். மாதத்துக்கு ஏழெட்டு நாள் கிடைக்கும். மற்ற நாள்களில் வேலையைப் பாருங்கள். தண்ணீர் ஏறவும் இல்லாமல் வடியவும் இல்லாமல் செத்து நிற்கும் நேரத்தில் நான் ராடை மடக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

பண்ணையில் கற்றது ஒன்றையும் சொல்ல வேண்டும். அங்கே இரவு இரண்டு மணிக்கு மேல் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை நிறுத்தவே விடமாட்டார்கள். பாசியும் செடியும் பகலில் விடும் ஆக்சிஜனை இரவெல்லாம் எல்லாமும் சேர்ந்து சுவாசித்துத் தீர்க்கும், விடியலுக்குச் சற்று முன் அளவு மிகக் குறைந்திருக்கும். தேங்கிக் கிடக்கும் வாய்க்காலிலும் இதேதான் நடக்கிறது. வெங்காயத்தாமரை மூடி, தண்ணீர் அசையாமல், கறுத்துப்போய் லேசாக அழுகல் வாடை வந்தால் அங்கே கொடுவா நிற்காது. பார்வைக்கு எவ்வளவு நல்ல மறைவாக இருந்தாலும் கடந்து போய்விடுங்கள். நீங்கள் படம் போட்டிருந்த அந்தப் பாலத்தடி அப்படிப்பட்டதுதான் என்று தோன்றுகிறது.

ஆனால் அதே இடத்தில் விரால் நிற்கும். விராலுக்கு மேல்காற்றை விழுங்கிச் சுவாசிக்கும் உறுப்பு இருக்கிறது. தண்ணீரில் ஆக்சிஜன் இல்லாவிட்டாலும் சமாளிக்கும். மன்னார்குடியில் இருக்கிற உங்களுக்கு உண்மையில் பக்கத்தில் இருப்பது விரால்தான், கொடுவா அல்ல. வாரநாள் மாலையில் சைக்கிளில் போய்ப் பழக முத்துப்பேட்டை வரை போகத் தேவையில்லை. வாய்க்கால் ஓரத்தில் நெய்வேலிக் காட்டாமணக்கு தண்ணீருக்குள் சாய்ந்திருக்கும் இடம், அல்லி இலைகளுக்கு நடுவே தட்டு அளவு திறப்பு, கோரைக்கும் வெறும் தண்ணீருக்கும் நடுவேயுள்ள ஓரம், இவற்றில் ஒன்றின் எதிரே சத்தமில்லாமல் இருபது நிமிடம் உட்காருங்கள். கெண்டை துள்ளினால் தெறிக்கும். விரால் மூச்செடுத்தால் தெறிக்காது. வாய் மட்டும் மேலே வந்து "ப்ளக்" என்று ஒரு சத்தம், பெரிய வளையம் ஒன்று, அதன் நடுவில் இரண்டு மூன்று குமிழி. போன மீன் பெரும்பாலும் அதே பக்கத்தில்தான் மறுபடி எழும். வளையம் விழுந்த இடத்தின் மேலேயே தவளை லூரைப் போடாதீர்கள், பயந்து ஓடிவிடும். நாலைந்து அடி தாண்டிப் போட்டு, இலைமேல் ஏற்றி, மெதுவாக இழுத்துக்கொண்டு வந்து திறப்பில் நிறுத்துங்கள். கடித்ததும் உடனே சுண்டாமல் ஒரு மூச்சு பொறுத்துச் சுண்டுங்கள்.

ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். மழைக்காலத்தில் தண்ணீர் மேல் செக்கச்செவேலென்று பொடிக் குஞ்சுக் கூட்டம் கொதிக்கிற மாதிரி எழுந்து அடங்குவதைப் பார்ப்பீர்கள். அவை விரால் குஞ்சுகள், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின்மேல் எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும், பசியால் அல்ல, குஞ்சைக் காப்பாற்ற. வீடியோ போடுகிறவர்கள் சிலர் இதைத் திறமை என்று காட்டுகிறார்கள். பெற்றதைத் தூக்கிவிட்டால் குஞ்சுகள் கெளுத்திக்கும் குறவைக்கும் இரை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இனி எனக்கு மிகப் பிடித்த பாடம். உலகத்தில் பல ஊர்த் தூண்டில்காரர்களுக்குக் கிடைக்காத ஒரு வசதி நம் டெல்டாவில் இருக்கிறது. நம் ஆறு வருடா வருடம் காய்ந்து, தன் அடிவயிற்றைக் காட்டுகிறது. மேட்டூரை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறப்பார்கள், ஜனவரி 28 அன்று மூடுவார்கள். நீர் இருப்பைப் பொறுத்து இது மாறும். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 வரை ஆனது. மாசி கழிந்து சித்திரை வரைக்கும் ஆறு வெறும் மணல். அமெரிக்காக்காரர் படகில் சோனார் கருவி வைத்துக்கொண்டு தடவித் தடவித் தேடுவதை நீங்கள் செருப்புக் காலோடு நடந்து பார்த்துவிடலாம். ஒரு நோட்டும் அளவு டேப்பும் எடுத்துக்கொண்டு, உங்கள் பாலத்திலிருந்து கீழ்நோக்கி இரண்டு கிலோமீட்டர் ஆற்றுக்குள் நடங்கள். திருப்பத்தின் வெளிப்பக்கக் கரையில் பள்ளம் எவ்வளவு ஆழம், எங்கே பழைய படித்துறைக் கல் சரிந்து கிடக்கிறது, எங்கே மரத்தின் வேர் தொங்குகிறது, எந்த மதகின் எதிரே குழி விழுந்திருக்கிறது என்று வரைந்துகொள்ளுங்கள். கரையில் ஒரு பனையையோ மின்கம்பத்தையோ அடையாளம் வையுங்கள், ஏனென்றால் தண்ணீர் வந்த பிறகு எல்லாம் ஒரே மாதிரித் தெரியும். கோடையிலும் வற்றாமல் கிடக்கும் மடுக்கள் இருந்தால் தனியாகக் குறியுங்கள். ஆற்றில் மிச்சமிருக்கும் மீன் எல்லாம் அங்கேதான் ஒதுங்கியிருக்கும். என் 2009ஆம் வருட நோட்டில் வரைந்த ஒரு குழி, மணல் அள்ளியதால் இடம் மாறி இப்போது அறுபது அடி கீழே இருக்கிறது. அதனால் வருடா வருடம் நடக்க வேண்டும். நடக்க முடியாத தூரத்துக்குக் கூகுள் எர்த்தில் பழைய படங்களை எடுத்து, ஏப்ரல் மாதப் படத்தையும் நவம்பர் மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உவர்நீர்ப் பக்கம் ஆறு காயாது; அங்கே இதே வேலையை அமாவாசை வத்தத்தில் செய்யலாம்.

இதுவரை சொன்னது நான் துணிந்து சொல்லக்கூடியது. சந்தேகமானதையும் தனியாகச் சொல்லிவிடுகிறேன். கொண்டல் (கிழக்குக் காற்று) அடித்தால் மீன் வாய் திறக்காது என்று எங்கள் ஊரில் சத்தியம் செய்வார்கள். என் நோட்டில் கொண்டல் நாளில் நல்ல மீனும் இருக்கிறது, வெறும் கையும் இருக்கிறது. நிலா வெளிச்ச இரவில் விரால் கடிக்காது என்பதும் அப்படியே. லூர் நிறத்தைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கலங்கலில் கறுப்பும் தெளிவில் வெள்ளியும் நான் போடுகிறேன், அது பழக்கம், நிரூபணம் இல்லை. மார்கழி, தை விடியலில் கொடுவா மந்தமாக இருப்பதையும், வெயில் ஏறிய பிறகு கடி வருவதையும் பலமுறை பார்த்திருக்கிறேன். அது வெப்பம் விரும்பும் மீன் என்பதால் இருக்கலாம் என்பது என் ஊகம். ஐப்பசி, கார்த்திகையில் பெருவெள்ளம் வரும்போது ஓதக் கணக்கு எதுவும் செல்லாது, வெள்ளம் ஓதத்தை அமுக்கிவிடும். அந்த வாரங்களில் நான் ஆற்றுப் பக்கம் போவதில்லை.

போகாததற்குக் காரணம் மீன் மட்டுமில்லை. ஒரு ஐப்பசி மாலை சட்ரஸின் அடித்தளத்தில் இறங்கி நின்று வீசிக்கொண்டிருந்தேன். மேலே மழை. முன்னறிவிப்பு ஏதும் இல்லாமல் கதவைத் தூக்கினார்கள். கணுக்காலில் இருந்த தண்ணீர் இடுப்புக்கு வர எத்தனை நேரம் ஆனது என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியாது. பக்கச் சுவரின் இரும்பு ஏணி கைக்கு எட்டியதால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கீழே இறங்காதீர்கள், கரைச்சுவர் மேல் நின்றே வீசுங்கள். கழியோரத்தில் உளை இருக்கும், பார்க்கத் தரை மாதிரியே இருக்கும், கால் வைத்தால் தொடை வரை இழுக்கும். தனியாகப் போகாதீர்கள், கையில் ஒரு கம்பு இருக்கட்டும். பாலத்தூணில் ஒட்டிய சிப்பி காலைக் கிழிக்கும். கொள்ளிடம் பக்கம் போவதாக இருந்தால், அணைக்கரையிலும் அதற்குக் கீழேயும் முதலைகள் இருப்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அங்கே தண்ணீர் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து மீன் கழுவும் வேலை வேண்டாம். கொடுவாவைக் கையில் எடுக்கும்போது செவுள் மூடியைப் பிடிக்காதீர்கள், பிளேடு மாதிரி அறுக்கும். அதே காரணத்துக்காக முள்ளுக்கு மேல் ஒரு முழம் தடித்த தங்கூசி (நைலான் நரம்பு) கட்டிக்கொள்ளுங்கள். மெல்லிய நரம்பை ஒரே உதறலில் அறுத்துக்கொண்டு போய்விடும்.

அனுமதி விஷயமும் முக்கியம். முத்துப்பேட்டை அலையாத்திக் காடு காப்புக் காடு. உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும். கோடியக்கரை, வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் சரணாலயங்கள். அங்கே ராடைக் கையில் எடுக்கவே கூடாது. கிராமத்துக் குளங்கள் பெரும்பாலும் மீன் பாசிக் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும், ஏலம் எடுத்தவர் காசு போட்டுக் குஞ்சு விட்டிருப்பார். கேட்டுவிட்டுப் போனால் "விரால்தானே, புடிச்சுக்குங்க தம்பி, எங்க குஞ்சத்தான் திங்குது" என்று அவரே இடமும் காட்டுவார். கேட்காமல் போனால் சண்டை. வலை போட்டுப் பிழைக்கிறவர்கள் இருக்கும் வாய்க்காலில் அவர்கள் வலை எடுத்து முடிக்கும்வரை பொறுத்திருங்கள். கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கும் வயசானவர்களிடம் "எங்கண்ணே மீன் கெடைக்கும்?" என்று கேட்காதீர்கள், யாரும் சொல்ல மாட்டார்கள். "வத்தம் எப்பண்ணே ஆரம்பிச்சுது?" என்று கேளுங்கள். பேச்சு அங்கிருந்து வளரும்.

உங்களிடம் இருக்கும் லூர்களைக் கொஞ்ச நாள் வீட்டிலேயே வையுங்கள். முதல் இரண்டு முறை ராடே இல்லாமல் போங்கள். குச்சியும் நோட்டும் போதும். மூன்றாவது முறை உயிர் இறால், தக்கை, சின்ன ஈயம். தக்கை ஒரு நல்ல வாத்தியார். நீங்கள் கவனிக்காத மடக்கத்தையெல்லாம் அது மிதந்துபோய்க் காட்டிக்கொடுக்கும். கோட்டில் போய் அது தயங்கி நிற்கும் இடத்தை மனசில் வைத்துக்கொண்டால், பிறகு லூர் வீசும்போது எங்கே வீசுவது என்ற கேள்வி வராது. வருகிற அமாவாசைக்கு நீங்கள் எழுதும் அரை மணிக் கணக்கை, எந்த ஆறு, கடலிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்ற விவரத்தோடு இதே கேள்வியின் கீழே போடுங்கள். எந்த மணிக்கு எந்தப் பக்கம் நிற்கலாம் என்று சேர்ந்து பார்த்துவிடுவோம்.